வாஷிங்டன் ஏரியில் மஞ்சள் பெர்ச் பிடிக்க ஒரு முழு வழிகாட்டி

சியாட்டில் பக்கம் குடிவந்த நம் ஆட்களில் பலர், இங்கே மீன் பிடிப்பது என்றாலே சால்மன்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். படகு வேண்டும், விலை உயர்ந்த ராடு வேண்டும், எந்த வாரம் திறப்பார்கள், எந்த வாரம் மூடுவார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதையெல்லாம் கேட்டதும் ஆசையே போய்விடுகிறது. சால்மனைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். பெல்வியூ, கிர்க்லண்ட், ரெண்டன், சியாட்டில் என்று சுற்றிலும் ஊர்கள் நெருக்கும் வாஷிங்டன் ஏரியில், ஆண்டு முழுக்கப் பிடிக்கக்கூடிய, இத்தனைதான் என்று எண்ணிக்கை வரம்பு இல்லாத ஒரு மீன் இருக்கிறது. அதுதான் மஞ்சள் பெர்ச். சாதாரண ராடு, ஒரு டப்பா மண்புழு, காலை இரண்டு மணி நேரம் இருந்தால் போதும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் தானாகப் புரியும். பெர்ச் கூட்டமாக அலையும் மீன். கூட்டம் அகப்பட்டால் அரை மணியில் ஒரு வேளைக்கான மீன் வாளியில் இருக்கும். அகப்படாவிட்டால் எவ்வளவு நல்ல ராடு வைத்திருந்தாலும் வெறுங்கைதான். தூண்டில் போட்டுவிட்டுப் பொறுமையாக உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சின்ன வயதில் குளத்தங்கரையில் கற்றுக்கொண்ட பாடம் இங்கே அவ்வளவாக உதவாது. இந்த ஏரியில் தேடுகிறவனுக்குத்தான் மீன்.

இந்த மீனும் இந்த ஏரியும்

மஞ்சள் பெர்ச்சின் சொந்த ஊர் ராக்கி மலைகளுக்குக் கிழக்கே. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், மேற்கே குடியேறியவர்களுக்குப் பழகிய மீன் வேண்டும் என்று ரயிலில் கொண்டுவந்து விட்ட பல இனங்களில் இதுவும் ஒன்று. இதன் கூட வந்தவைதான் பம்ப்கின்சீட், புளூகில், கருப்பு கிராப்பி, ராக் பாஸ் போன்ற உள்ளங்கை அகல மீன்கள். வறுக்கும் சட்டியில் முழுசாக அடங்கும் அளவு என்பதால் அமெரிக்கர்கள் இவற்றையெல்லாம் மொத்தமாகப் பான்ஃபிஷ் என்பார்கள்.

பெர்ச் ஏன் இவ்வளவு பெருகுகிறது? வசந்த காலத்தில் பெண் மீன் பத்தாயிரக்கணக்கான முட்டைகளை ஜவ்வு மாதிரி ஒரே நீள நாடாவாக நீர்ச்செடிகள் மேல் சுற்றிவிட்டுப் போய்விடும். காவல் காப்பதில்லை, கூடு கட்டுவதில்லை. சின்ன ஏரியில் இது வந்துவிட்டால் இரை போதாமல் எல்லா மீனும் விரல் நீளத்தோடு நின்றுவிடும். வாஷிங்டன் ஏரி தப்பித்தது அதன் அளவால். 35 கிலோமீட்டர் நீளம், அதிகபட்ச ஆழம் 65 மீட்டர், மாநிலத்தின் இயற்கை ஏரிகளில் செலானுக்கு அடுத்த பெரிய ஏரி. அதனால் இங்கே ஒன்பது பத்து அங்குல பெர்ச் சாதாரணமாகக் கிடைக்கிறது. சாப்பிட அதுவே நல்ல அளவு.

நாம் நாற்பது பெர்ச் பிடித்தால் சால்மன் இனத்துக்கு நல்லது செய்தோம் என்று ஒரு பேச்சு உண்டு. அதைக் கொஞ்சம் அடக்கியே வாசிக்க வேண்டும். இந்த ஏரியில் சாக்கை சால்மன் குஞ்சுகளை அதிகம் தின்பவற்றில் கட்த்ரோட் ட்ரவுட் முக்கியமானது, அது மண்ணின் மீன். பெர்ச்சும் குஞ்சு தின்னும், ஆனால் முதல் குற்றவாளி அது இல்லை. சால்மன் குறைவதும் அதை நம்பி வாழும் ஓர்க்கா திமிங்கலங்கள் குறைவதும் பெரிய கவலையாகி, 2019-ல் மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பாஸ், வாலாய் போன்ற வெளி மீன்களைப் பிடிக்கும் வரம்புகள் அதன் பிறகுதான் தளர்ந்தன. பெர்ச்சைப் பொறுத்தவரை, தயக்கமில்லாமல் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்ற அளவில் எடுத்துக்கொண்டால் போதும்.

முதல் வேலை: உரிமம்

15 வயதும் அதற்கு மேலும் உள்ள எல்லோருக்கும் நன்னீர் மீன்பிடி உரிமம் வேண்டும். மாநில மீன் மற்றும் வனவிலங்குத் துறையின் இணையதளத்தில் வாங்கலாம், விளையாட்டுச் சாமான் கடைகளிலும் கொடுப்பார்கள். ஆண்டு உரிமம் எப்போது வாங்கினாலும் மார்ச் 31-ல் முடிந்துவிடும். பிப்ரவரியில் முழு ஆண்டுக்கான பணத்தைக் கட்டுவதில் அர்த்தமில்லை.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவோ மாமனாரோ கூட வருவார்கள். சும்மா உட்கார்ந்து பார்ப்பதற்கு ஒன்றும் வேண்டாம். "கொடு, நான் ஒரு தடவை போடறேன்" என்று ராடைக் கையில் வாங்கினால் அவருக்கும் உரிமம் வேண்டும். 70 வயதானவர்களுக்கான சலுகை விலை இந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான். வந்து போகிறவர்களுக்கு ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள் உரிமங்கள் இருக்கின்றன, அதை வாங்கிக் கொடுத்துவிடுங்கள். ஜூன் தொடக்கத்தில் ஒரு சனி, ஞாயிறு யாருக்கும் உரிமம் வேண்டாம் என்று விடுவார்கள். தாத்தா பாட்டி வரும் பயணத்தை அதற்கு ஒட்டி வைத்துக்கொள்கிற குடும்பங்களும் உண்டு.

சில விதிகளை மறக்காதீர்கள். ஒருவருக்கு ஒரு ராடுதான். இரண்டு வைக்க வேண்டுமென்றால் தனியாக ஒரு அனுமதி வாங்க வேண்டும். உயிருள்ள மீனை இரையாகப் போடக் கூடாது. பிடித்த மீனை உயிரோடு வேறு ஏரிக்கோ வீட்டுக் குளத்துக்கோ கொண்டுபோகவே கூடாது. பல சின்ன ஏரிகள் பெர்ச்சால் கெட்டுப்போனது யாரோ வாளியில் தூக்கிப்போய் விட்டதால்தான். பெர்ச்சுக்கு அளவு வரம்பும் எண்ணிக்கை வரம்பும் இல்லை என்றாலும் மற்ற மீன்களுக்குத் தனித்தனி விதிகள் உண்டு. விதிப் புத்தகம் ஒவ்வொரு ஜூலையிலும் மாறும், நடுவிலும் திருத்துவார்கள். துறையின் ஃபிஷ் வாஷிங்டன் செயலியை போனில் போட்டுக்கொண்டு, கிளம்புவதற்கு முன் ஏரியின் பெயரைத் தட்டிப் பார்த்துவிடுங்கள்.

சாமான்கள்

ஆறு அடி நீளத்தில் லைட் அல்லது அல்ட்ரா லைட் என்று போட்ட ஸ்பின்னிங் ராடும் ரீலும் சேர்ந்த காம்போ ஒன்று. ஐம்பது டாலருக்குள் நல்லதே கிடைக்கும். தடித்த ராடு வேண்டாம். பெர்ச் கொத்துவது மெல்லிய தட்டல், தடித்த ராடில் அது கைக்கு வந்து சேராது.

தூண்டில் நரம்பு நான்கு பவுண்டு இழுப்பைத் தாங்குவது, மிஞ்சிப்போனால் ஆறு. இதில் கஞ்சத்தனம் கூடாது, நல்ல மெல்லிய மோனோ (ஒற்றை இழை) நரம்பாக வாங்குங்கள். காரணம் இந்த ஏரியின் தண்ணீர். 1950-களில் சுற்றுப்புற ஊர்களின் கழிவுநீரெல்லாம் இதில்தான் கலந்தது. பாசி படர்ந்து, 1960-களின் நடுவில் ஒரு மீட்டர் ஆழம்கூடச் சரியாகத் தெரியாத நிலை. மக்கள் வாக்களித்து ஒரு தனி அமைப்பை உண்டாக்கி, 1963-லிருந்து 1968 வரை படிப்படியாகக் கழிவுநீரை வேறு பக்கம் திருப்பினார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் இந்த மாற்றத்தைப் பல ஆண்டுகள் அளந்துகொண்டே இருந்தார். ஏரிகளைப் பற்றிப் படிக்கிறவர்களுக்கு உலகம் முழுக்க இது பாடம். இன்று தண்ணீர் தெளிவாக இருக்கிறது, பெர்ச் கண்ணால் பார்த்துத் தின்னும் மீன். பத்து பவுண்டு நரம்பைப் பார்த்தால் கிட்டே வந்துவிட்டுத் திரும்பிப் போகும்.

தூண்டில் முள் ஆறாம் எண் அல்லது எட்டாம் எண், தண்டு நீளமானது. பெர்ச் இரையை உள்ளே இழுத்து விழுங்கிவிடும், தண்டு குட்டையாக இருந்தால் முள்ளை எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அரை அவுன்ஸ் ஈயம் நாலைந்து, கடுகு அளவிலிருந்து மிளகு அளவு வரை கடித்து மாட்டும் ஈயக் குண்டுகள் ஒரு டப்பா, இரண்டு மூன்று தக்கை, மூக்கு நீண்ட இடுக்கி, ஒரு பழைய துண்டு, ஐஸ் பெட்டி. இவ்வளவுதான். கடையில் தொங்கும் கலர் கலரான பொய் இரைகளில் பாதி மீனைப் பிடிப்பதைவிட நம்மைப் பிடிக்கத்தான் செய்திருக்கிறார்கள்.

கட்டும் முறை

பெர்ச்சுக்கு இரண்டு முள் தொங்கும் அடிக்கட்டுதான் சிறந்தது. நரம்பின் கடைசி நுனியில் அரை அவுன்ஸ் ஈயம். அதற்கு ஒரு அடி மேலே ஒரு முள், இன்னொரு அடி மேலே இன்னொன்று. இரண்டும் முக்கிய நரம்பிலிருந்து மூன்று நான்கு அங்குலக் கிளையில் தொங்க வேண்டும். கிளை அதற்கு மேல் நீண்டால் நரம்போடு சுற்றிக்கொள்ளும். கட்டத் தெரியாதவர்கள் தயாராகக் கட்டி விற்கும் கிராப்பி ரிக் ஒன்றை வாங்கி மாட்டிக்கொள்ளலாம், தப்பில்லை.

முள்ளைக் கட்டுவது இப்படி: நரம்பை முள்ளின் காதில் நுழைத்து, திரும்பி வந்த நுனியை நரம்பின் மேலேயே ஐந்தாறு சுற்று சுற்றுங்கள். காதுக்கு மிக அருகே ஒரு சின்ன வளையம் உண்டாகியிருக்கும். நுனியை அதில் நுழைத்து, அப்படி நுழைத்ததில் உண்டாகும் பெரிய வளையத்திலும் நுழையுங்கள். இறுக்குவதற்கு முன் எச்சிலால் நனைத்துவிடுங்கள். உலர்ந்தபடியே இழுத்தால் உரசும் சூட்டில் நரம்பு அந்த இடத்திலேயே பலம் இழந்துவிடும். இறுக்கிய பிறகு ஒரு முறை பலமாக இழுத்துப் பாருங்கள். அறுந்தால் கையிலேயே அறுந்துபோகட்டும்.

இரை மண்புழு. விளையாட்டுச் சாமான் கடையில் தெர்மக்கோல் டப்பாவில் நைட் கிராலர் என்று பெரிய புழு விற்பார்கள். முழுப் புழுவை மாட்டினால் பெர்ச் வாலைக் கடித்து இழுத்துத் தின்றுவிட்டுப் போகும், முள் வெறுமனே வரும். ஒரு அங்குலத் துண்டாகக் கிள்ளி, முள்ளின் வளைவு முழுக்க நுழைத்து, நுனிக்கு அப்பால் அரை அங்குலம் மட்டும் ஆடும்படி விடுங்கள். முதல் பெர்ச் கிடைத்ததும் அதன் வயிற்றுப் பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய தசைத் துண்டை வெட்டி மாட்டலாம். புழு மாதிரி சீக்கிரம் உரிந்துபோகாது, தன் இனத்தின் சதையைப் பெர்ச் ஆவலாகவே தின்னும். மிச்சப்பட்ட புழுவை மரத்தடியில் கொட்டாமல் குப்பையில் போடுங்கள், இந்தப் பக்கத்துக் காடுகளுக்கு அந்தப் புழுவும் வெளியாள்தான்.

எப்போது, எங்கே

மே கடைசியிலிருந்து அக்டோபர் வரை நல்ல காலம். அதற்குள்ளும் மாறிக்கொண்டே இருக்கும். ஜூன், ஜூலையில் பெர்ச் பத்திலிருந்து இருபத்தைந்து அடி ஆழத்தில், நீர்ச்செடிப் புதரின் வெளி ஓரத்தில் இருக்கும். ஐரோப்பாவிலிருந்து வந்த மில்ஃபாயில் என்ற செடி 1970-களில் இந்த ஏரியைப் பிடித்துக்கொண்டது. நீந்துகிறவர்களுக்கும் படகுக்காரர்களுக்கும் அது தொல்லை. நமக்கோ அது வரைபடம் மாதிரி. செடி எங்கே முடிந்து வெறும் தரை தொடங்குகிறதோ அந்தக் கோடுதான் பெர்ச் நடக்கும் தெரு. செப்டம்பர், அக்டோபரில் கூட்டங்கள் பெரிதாகி முப்பது, ஐம்பது அடிக்கு இறங்கும். அப்போது படகு இருப்பவர்களுக்குத் திருவிழா. கரையில் நிற்பவர்களுக்கு ஆழம் அருகிலேயே வரும் இடங்கள் மட்டும்தான். குளிர்காலத்தில் இன்னும் ஆழம், மந்தமான கொத்து. அதற்காக உறைந்துகொண்டு நிற்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

நேரத்தைப் பொறுத்தவரை, இருட்டில் போகாதீர்கள். பெர்ச் பகலில்தான் தின்னும். பொழுது சாய்ந்ததும் கூட்டம் கலைந்து, தரையில் போய் அசையாமல் கிடக்கும். விடிந்து ஒரு மணி நேரத்திலிருந்து பத்து மணி வரை, பிறகு மாலை நான்கிலிருந்து வெளிச்சம் போகும் வரை. விடியற்காலை மூன்று மணிக்கு எழ வேண்டியதில்லை என்பது இந்த மீனின் பெரிய குணம்.

கரையிலிருந்து பிடிக்க, தண்ணீருக்குள் நீளும் மரப்பாலங்கள் வேண்டும். தெற்கே ரெண்டனில், போயிங் ஆலைக்குப் பக்கத்தில் இருக்கும் ஜீன் கூலன் பூங்கா முதலில் போக வேண்டிய இடம். நடக்க நல்ல பாதை, கழிப்பறை, குழந்தைகளுக்கு விளையாட்டு இடம் எல்லாம் உண்டு. மீன் கிடைக்காவிட்டாலும் வீட்டில் திட்டு விழாது. வடகிழக்கில் கிர்க்லண்டின் ஜுவனிட்டா விரிகுடா ஆழம் குறைந்த, செடி நிறைந்த பகுதி. கோடைத் தொடக்கத்தில் பான்ஃபிஷ் அங்கே ஏராளம். சியாட்டில் பக்கம் சூவர்ட் பூங்கா தீபகற்பத்தைச் சுற்றி ஆழம் சீக்கிரம் வரும். நீச்சல் பகுதிகளிலும் சில படகுத்துறைகளிலும் தூண்டில் போட விட மாட்டார்கள், பலகையைப் படித்துவிட்டு நில்லுங்கள். படகில் போனால் 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகள், 19 அடிக்குக் குறைந்த படகில், மிதவைச் சட்டை போட்டே இருக்க வேண்டும் என்பது சட்டம். தண்ணீர் மே மாதத்திலும் நடுக்கும் குளிர், பெரியவர்களும் போட்டுக்கொள்வதுதான் புத்தி.

கூட்டத்தைத் தேடுவது

பாலத்தின் நுனிக்குப் போய் அங்கேயே நங்கூரம் பாய்ச்சாதீர்கள். கரைப் பக்கத்தில், செடி முடிகிற இடத்தில் ஆரம்பியுங்கள். ஈயத்தை விடுங்கள், தரை தட்டியதும் நரம்பு தொய்யும். ரீலைக் கால் சுற்று சுற்றி நரம்பை நேராக்குங்கள். ஈயம் தரையிலேயே நிற்க வேண்டும், முள் இரண்டும் அதற்கு மேல் ஆட வேண்டும். ராடின் நுனியை அரை அடி மெதுவாகத் தூக்கி இறக்குங்கள், அசையாமல் பத்து எண்ணுங்கள், மறுபடி தூக்குங்கள். பெர்ச் பெரும்பாலும் இறங்கும்போதோ அதற்கு அடுத்த நொடியிலோ கொத்தும்.

அந்தப் பத்து எண்ணிக்கை முடிந்ததும் இரண்டடி உங்கள் பக்கம் இழுத்து, மறுபடி அதே வேலை. ஒரு வீச்சு முடிந்தால் அடுத்ததைக் கொஞ்சம் இடப்பக்கம், அடுத்ததை இன்னும் கொஞ்சம். விசிறி விரிகிற மாதிரி அரை வட்டத்தை முடியுங்கள். பத்து நிமிடத்தில் ஒரு தட்டலும் இல்லையென்றால் பாலத்தில் இருபதடி நகருங்கள். பாலம் முழுக்க முடிந்தும் ஒன்றுமில்லையென்றால் காரை எடுத்துக்கொண்டு அடுத்த பூங்காவுக்குப் போங்கள். "இப்பதானே வந்தோம், இன்னும் ஒரு அரை மணி பார்ப்போம்" என்ற எண்ணம்தான் இந்த ஏரியில் அதிகம் பேரை வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்புகிறது.

முதல் மீன் கொத்திய நொடியில் எல்லாம் மாறும். எந்தத் திசை, எவ்வளவு தூரம், எவ்வளவு ஆழம் என்று மனதில் குறித்துக்கொண்டு, மீனைக் கழற்றியதும் அதே இடத்தில் போடுங்கள். படம் எடுப்பது, வாட்ஸ்அப்பில் அனுப்புவதெல்லாம் அப்புறம். கூட்டம் அங்கே பத்து நிமிடம் நிற்கலாம், அரை மணியும் நிற்கலாம். கூட வந்தவர்களையும் அந்தப் பக்கம் போடச் சொல்லுங்கள். தண்ணீரில் தொடர்ந்து இரை இருந்தால் கூட்டம் கொஞ்சம் தங்கும்.

வருவதெல்லாம் ஐந்து அங்குலப் பொடியாக இருந்தால் அது ஒரு வயதுக் கூட்டம். பெர்ச் ஏறக்குறைய தன் அளவு மீன்களோடுதான் சுற்றும், அங்கேயே நின்று பெரிதை எதிர்பார்ப்பதில் பயனில்லை. இன்னும் ஆழமாகப் போடுங்கள், அல்லது இடம் மாறுங்கள்.

கொத்துவதும் கழற்றுவதும்

இரண்டு விரைவான தட்டல், ஒரு இடைவெளி, பிறகு ராடு நுனி லேசாகக் கனக்கும். தட்டலுக்கு இழுத்தால் புழு போகும். கனத்துக்கு இழுங்கள், அதுவும் மணிக்கட்டை மட்டும் தூக்கினால் போதும். சில நேரம் ஒரு மீனை மெதுவாக ஏற்றும்போதே இரண்டாவது முள்ளிலும் ஒன்று ஏறிக்கொள்ளும்.

மீனைப் பிடிக்கும் விதம் முக்கியம். முதுகில் இரண்டு தனித்தனித் துடுப்புகள் இருக்கும், முன்னது முழுக்க ஊசி. ஈரக் கையைத் தலைக்கு முன்னால் வைத்து, வாலை நோக்கி வழித்துக்கொண்டே போய் அந்த முட்களை மடக்கிப் பிடியுங்கள். செவுள் மூடியின் ஓரமும் பிளேடு மாதிரி இருக்கும், அதற்குள் விரல் விடாதீர்கள். முள் தொண்டைக்குள் போயிருந்தால் இடுக்கியால் தண்டைப் பிடித்து, ஒரு சுழற்று சுழற்றி எடுங்கள்.

பக்கவாட்டில் ஆறேழு கரும்பட்டைகள், பச்சை கலந்த மஞ்சள் உடல், ஆரஞ்சு நிறத்தில் கீழ்த்துடுப்புகள். இதுதான் பெர்ச், குழம்ப வழியில்லை. ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்த பெர்ச்சின் காற்றுப்பை வீங்கி, இரைப்பையை வாய் வழியாக வெளியே தள்ளிவிடும். அப்படி வந்த மீனைத் திரும்ப விட்டாலும் பெரும்பாலும் பிழைக்காது. அதனால் முப்பது அடிக்கு மேல் ஆழத்தில் பிடிக்கும்போது அளவு பார்த்து விட்டுவிட்டு விளையாடாதீர்கள். வருவதைப் பெட்டியில் போடுங்கள், போதும் என்றதும் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள்.

மார்ச்சிலிருந்து ஜூன் வரை கரையோரமாகச் சால்மன் குஞ்சுகள் கடலை நோக்கிப் போகும். வெள்ளி நிறத்தில் விரல் நீள மீன் மாட்டினால் தண்ணீரை விட்டு வெளியே எடுக்காமலே முள்ளைக் கழற்றி விடுங்கள். வாத்தின் அலகு போன்ற தட்டை மூக்கும் உடல் முழுக்க வெளிறிய புள்ளிகளும் உள்ள நீள மீன் வந்தால் அது வடக்கத்திப் பைக். இந்த ஏரியிலும் அது பிடிபட்டிருக்கிறது. அதை மட்டும் எக்காரணம் கொண்டும் உயிரோடு விடக்கூடாது. கொன்று, படம் எடுத்து, துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

பெர்ச் இல்லாத நாளில்

குழந்தைகளோடு போனால் பெர்ச்சைவிடப் பான்ஃபிஷ்ஷில் ஆரம்பிப்பது நல்லது. ஜூனில் தண்ணீர் சூடேறியதும் பம்ப்கின்சீட், புளூகில் ஆண் மீன்கள் இடுப்பளவு ஆழத்தில் வாலால் மண்ணைத் துழாவி வட்டமான கூடு போட்டு, முட்டைக்குக் காவல் நிற்கும். கரையிலிருந்தே கண்ணுக்குத் தெரியும். தக்கைக்குக் கீழே இரண்டு மூன்று அடி நரம்பு, எட்டாம் எண் முள், ஒரு சின்ன ஈயக் குண்டு, அரை அங்குலப் புழு. தக்கை முதலில் நடுங்கும், பிறகு சாய்ந்து ஓடும். ஓடும்போது தூக்கச் சொல்லுங்கள். ஐந்து வயதுப் பிள்ளையும் பிடித்துவிடும். செவுள் மூடியின் நுனியில் குங்குமப் பொட்டு வைத்தது போல் சிவப்பு இருந்தால் பம்ப்கின்சீட், முழுக் கறுப்பாக இருந்தால் புளூகில். கண்ணே சிவப்பாக இருப்பது ராக் பாஸ்.

கிராப்பி தனி ரகம். படகுத்துறைத் தூண்களின் நிழலில், நடு ஆழத்தில் மிதந்துகொண்டிருக்கும். புழுவைவிட, சின்ன ரப்பர் வால் கொண்ட ஜிக் (ஈயத் தலை வைத்த முள்) அதற்குப் பிடிக்கும், மிக மெதுவாக இழுக்க வேண்டும். வாய் காகிதம் மாதிரி மெல்லியது, வெடுக்கென்று இழுத்தால் கிழிந்து மீன் போய்விடும்.

எவ்வளவு சாப்பிடலாம்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஊருக்கு நடுவில் இருக்கும் ஏரி இது. 1979-ல் தடை செய்யப்பட்ட பிசிபி இரசாயனங்கள் இன்னும் அடிமண்ணில் இருக்கின்றன, அவை மீனின் கொழுப்பில் சேரும். அண்மை ஆண்டுகளில் பிஎஃப்ஓஎஸ் என்ற இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது, அது தசையிலேயே தங்கும். மாநிலச் சுகாதாரத் துறை எந்த மீனை மாதம் எத்தனை வேளை சாப்பிடலாம் என்று ஏரிவாரியாக அட்டவணை போட்டிருக்கிறது. இந்த ஏரியின் கெண்டையையும் பைக்மின்னோவையும் சாப்பிடவே வேண்டாம் என்கிறது. பெர்ச்சுக்கும் கணக்கு உண்டு, பெரிய பெர்ச்சுக்குக் கணக்கு இன்னும் இறுக்கம். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் உள்ள வீட்டில் அந்த அட்டவணையைப் பார்த்துவிட்டே சமையுங்கள்.

நமக்கு இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. மீன் தலை இல்லாமல் என்ன குழம்பு என்று கேட்கிற சனம் நாம். இந்த ஏரி மீனுக்கு மட்டும் தலை, தோல், குடல், வயிற்றுக் கொழுப்பு எல்லாவற்றையும் தள்ளிவிடுங்கள். தோலையும் கொழுப்பையும் எடுத்தால் பிசிபி குறையும், பிஎஃப்ஓஎஸ் குறையாது. அளவாகச் சாப்பிடுவதுதான் அதற்கு வழி.

சுத்தம் செய்வதும் சமையலும்

பிடித்ததும் பாதி ஐஸ், பாதித் தண்ணீர் உள்ள பெட்டியில் போட்டுவிடுங்கள். கோடையில் பிளாஸ்டிக் பையில் வெயிலில் வைத்த பெர்ச் மதியத்துக்குள் குழைந்துவிடும்.

பெர்ச் செதில் பிடிவாதமானது, காய்ந்துவிட்டால் சிமெண்டுதான். அதனால் செதில் உரசும் வேலையே வேண்டாம், தோலோடு உரித்துவிடலாம். கூர்மையான கத்தியால் முதுகுத் துடுப்பின் இரண்டு பக்கமும் நீளவாக்கில் கீறுங்கள். இடுக்கியால் துடுப்பை வால் பக்கத்திலிருந்து தலைப் பக்கம் இழுத்தால் முள்ளும் வேருமாக வந்துவிடும். தலைக்குப் பின்னால் தோலை மட்டும் சுற்றிக் கீறி, இடுக்கியால் பிடித்து வால் வரை உரியுங்கள், சட்டை கழற்றுவது போல வரும். பிறகு தலையைக் கீழ்நோக்கி முறித்து இழுத்தால் குடலும் கூடவே போய்விடும். கையில் மிஞ்சுவது நடுமுள்ளோடு கூடிய வெள்ளைச் சதை. கொஞ்சம் பழகினால் ஒரு மீனுக்கு ஒரு நிமிடம். தசையில் மஞ்சள் நிறத்தில் சின்னக் கட்டி தெரிந்தால் அது ஒட்டுண்ணிப் புழு, பான்ஃபிஷ்களில் இது பல ஏரிகளிலும் உண்டு. கிள்ளி எறிந்துவிட்டு நன்றாக வேகவைத்தால் கெடுதல் இல்லை.

வறுப்பதென்றால் மிளகாய்த்தூள், மஞ்சள், மிளகு, இஞ்சி பூண்டு, எலுமிச்சை, ஒரு கரண்டி அரிசி மாவு. அரை மணி ஊறினால் போதும், இரவு முழுக்க வைத்தால் எலுமிச்சை சதையை இறுக்கிவிடும். சதை மெல்லியது, பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம்தான். குழம்புக்குப் போடுவதென்றால் புளியும் மசாலாவும் கொதித்து எண்ணெய் பிரிந்த பிறகு கடைசியில் போட்டு, ஐந்தாறு நிமிடம் மூடிவைத்து இறக்கிவிடுங்கள். கரண்டி போட்டுக் கிளறினால் குழம்பில் முள் மட்டும்தான் இருக்கும். கழித்த தலையையும் குடலையும் பாலத்தடியில் போடாமல் ஒரு பையில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து, குப்பை வண்டி வரும் நாள் வரை ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள்.